4294967297 பகா எண்ணா? அதில் அப்படி என்ன விசேஷம்?

பகா எண் இல்லை. 641 × 6700417. இந்த இரண்டும் பகா எண்கள் என்பதால் 1-ஐயும் அதையும் சேர்த்து மொத்தமே நாலு வகுத்திகள்தான். ஆனால் பார்த்தால் தெரியாது. நானே ஒருமுறை ஏமாந்தேன்.

பகா எண்ணைச் சோதிக்க ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் சிறு தேற்றம்தான் அடிப்படை: ஒற்றைப்படைப் பகா எண் ஒன்றை எடுத்து, அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். இந்த எண்ணைக் கொடுத்தேன். மீதி 1. 'பகா எண்' என்றது நிரல். 2-க்குப் பதில் 3-ஐப் போட்டதும் மீதி 3029026160 என்று வந்து குட்டு வெளிப்பட்டது.

காரணம் எளிது. இந்த எண் 2³² + 1. ஆக 2³²-ஐ இதால் வகுத்தால் மீதி −1, அதாவது முழுதாக வகுபட ஒன்று குறைகிறது. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. சோதனையில் வரும் அடுக்கோ 64-இன் மடங்கு. பிறகு 1 வராமல் என்ன செய்யும்?

ஃபெர்மாவும் இதே எண்ணில்தான் சறுக்கினார். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றிலும் 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்தது இது. முந்தைய ஐந்தும் பகா எண்கள்; இனி வருவதும் அப்படியே என்று நம்பிவிட்டார். 1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் 641-ஐக் காட்டி அதை உடைத்தார். 65537-க்குப் பிறகு இந்த வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூடச் சிக்கவில்லை.

641-ஐப் பிடிக்கக் கணினி வேண்டாம். இதன் பகா வகுத்தி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்று ஆய்லர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 641 வரை பார்த்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தே வகுத்தல், பென்சில் போதும்.

எனக்குப் பிடித்தது வகுக்காமலே காட்டும் வழி. 641 = 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴-உம்கூட. முதலாவதன்படி 641-ஆல் வகுத்தால் 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்கில் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴-ஐ வைக்கலாம். வைத்தால் −2³²-க்கு மீதி 1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

இன்னொன்று: 65536² + 1² என்றும் 62264² + 20449² என்றும் இதை எழுதலாம். பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், அது ஒரே விதத்தில்தான் முடியும். ஆக, காரணி தெரியாமலே இது பகு எண் என்று சொல்லிவிடலாம்.

இதில் 2-ஐக் கழித்தால் வரும் 4294967295, மேலே சொன்ன ஐந்து பகா எண்களின் பெருக்கல். கணினியின் 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில், அடங்கும் மிகப்பெரிய முழு எண்ணும் அதுதான். நம்முடைய எண்ணை அதே 32 பிட்டில் திணித்தால் வழிந்தோடி 1 மட்டும் மிஞ்சும். மேலே சொன்னதற்கு முன் 32 பிட்டில் எழுதிய என் நிரலின் முதல் வடிவம் 'பகா எண் இல்லை' என்று சரியாகச் சொன்னது அதனால்தான்; அது சோதித்தது 1-ஐ.