முறையீட்டு அமைப்பே தவறினால் இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நெல் விவசாயம் செய்கிறேன். எங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலைத் தனியார் ஒருவர் அடைத்துக் கட்டியதை உள்ளூர் அலுவலகம் கண்டுகொள்ளவில்லை. எனவே, பொதுமக்களின் முறையீடுகளை விசாரிக்கும் மாநில அமைப்பு ஒன்றுக்குத் தமிழில் மனு எழுதி, ஆவண நகல்களுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஓராண்டுக்கு மேல் மௌனமாக இருந்துவிட்டு, ஆவணங்கள் இல்லாததால் மனு முடிக்கப்பட்டதாகச் சென்ற மாதம் மலையாளத்தில் எழுதியிருக்கிறார்கள். இதற்குள் ஒரு போகம் கருகிவிட்டது. அந்த அமைப்பின் மீது நஷ்டஈட்டு வழக்குப் போடலாமா?
– வாசகர், சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்

பதில்: வழக்குப் போடலாம், பணம் கிடைப்பது மிகக் கடினம். இத்தகைய அமைப்புகளை உருவாக்கும் சட்டங்களில், நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்காக உறுப்பினர்கள் மீதும் அலுவலர்கள் மீதும் வழக்குத் தொடரக் கூடாது என்ற பாதுகாப்புப் பிரிவு பெரும்பாலும் இருக்கும். 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் அது 38ஆம் பிரிவு. மத்தியச் சட்டங்களைப் பொறுத்தவரை, நேர்மையாகச் செய்த செயல் கவனக்குறைவாகவே செய்யப்பட்டிருந்தாலும் நல்லெண்ணச் செயல்தான் என்கிறது 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம். உங்கள் உறையைப் பிரித்தவர் நகல்களைத் தொலைத்திருந்தால்கூட அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடைத்துவிடலாம் என்பது எனக்கு உடன்பாடில்லாத நிலை. ஆயினும் சட்டம் அதுதான். மாநிலச் சட்டத்தின்கீழ் அமைந்த அமைப்பானால், அச்சட்டத்தின் சொற்களைத் தனியே படித்துப் பார்க்க வேண்டும்.

வேண்டுமென்றே அலைக்கழித்தார்கள் என்று நிரூபிக்க முடிந்தால் நிலைமை மாறும். பொது அதிகாரியின் அலைக்கழிப்புக்கு இழப்பீடு உண்டு, அதைப் பொறுப்பான அலுவலரிடமிருந்தே வசூலிக்கலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் கூறியது. ஆனால், அவர்கள் உரிய காலத்தில் விசாரித்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும் என்பதையும் நீங்கள் காட்ட வேண்டும். பரிந்துரை மட்டுமே செய்யக்கூடிய அமைப்பு என்றால் அது எளிதன்று.

அந்தப் பாதுகாப்பு ஆட்களைத்தான் காக்கும்; அவர்கள் பிறப்பித்த உத்தரவைக் காக்காது. அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் எர்ணாகுளத்திலுள்ள உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு செய்து, முடித்துவைத்த உத்தரவை ரத்துசெய்யவும், குறிப்பிட்ட காலத்துக்குள் மனுவை மீண்டும் விசாரிக்கவும் ஆணை கேட்கலாம். இதற்கு யாருடைய கெட்ட எண்ணத்தையும் நிரூபிக்கத் தேவையில்லை; பரிசீலிக்க வேண்டியதைப் பரிசீலிக்கவில்லை என்று காட்டினால் போதும். அடுத்த போகத்துக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால், முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்து, உங்கள் கோப்பின் முழு நகலையும், மனு வந்த நாளில் பதிவேட்டில் குறித்த இணைப்புகளின் விவரத்தையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இணைப்புகள் அங்கே பதிவாகியிருந்தால், அதைவிட வலுவான சான்று உங்களுக்குத் தேவைப்படாது.

தமிழில் எழுதியது தவறோ என்று தயங்க வேண்டாம். மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்கும் மனுவை எந்த அதிகாரியிடமும் அளிக்க அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது.

இழப்பீட்டு வழக்கையும் தொடர விரும்பினால், காலக்கெடுவை மறக்கக் கூடாது. சட்டப்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கோ தவறுதலுக்கோ இழப்பீடு கேட்க 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் ஓராண்டே தருகிறது. அரசு அலுவலர் மீதான வழக்கென்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி இரண்டு மாத முன்னறிவிப்பும் அனுப்ப வேண்டும். வழக்கறிஞர் செலவு தாங்காதென்றால், தாலுகா சட்டப்பணிக் குழுவில் இலவச உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தபால் ரசீதை எடுத்துச் செல்லுங்கள்.