60 டிகிரியில் மணற்பாறையின் ஊடுருவுதிறன் இரட்டிப்பாவது ஏன்?

மணற்பாறை மாதிரியின் வழியே நீரைச் செலுத்தி அளந்தபோது, அதன் ஊடுருவுதிறன் (நீர்மத்தைத் தன் வழியே செல்லவிடும் திறன்) 20 டிகிரியில் இருந்ததைவிட 60 டிகிரியில் இருமடங்காகத் தெரிந்தது என்கிறீர்கள். பாறை மாறவில்லை, நீரின் பாகுநிலைதான் (ஓட்டத்துக்கு நீர் காட்டும் எதிர்ப்பு) குறைந்திருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 1.00 மில்லிபாஸ்கல் வினாடியாக உள்ள அது 60 டிகிரியில் 0.47 ஆக இறங்கிவிடுவதால், அதே அழுத்த வேறுபாட்டில் ஓட்டம் 2.1 மடங்காகிறது. நீங்கள் குறிப்பிட்ட உயர்வும் கிட்டத்தட்ட இதே அளவுதான் என்பதால், ஓட்ட வீதத்தையும் பாகுநிலையையும் கொண்டு ஊடுருவுதிறனைக் கணக்கிடும் டார்சி சமன்பாட்டில் இரு வெப்பநிலைகளுக்கும் 20 டிகிரிக்குரிய பாகுநிலை மதிப்பையே இட்டிருப்பீர்கள் என்று கருதுகிறேன்.

ஒவ்வொரு அளவீட்டிலும் ஓட்ட வீதத்தை அந்தந்த வெப்பநிலையின் பாகுநிலையால் பெருக்கிப் பாருங்கள். பெருக்கற்பலன் மாறாதிருந்தால் ஊடுருவுதிறனும் மாறவில்லை. இங்கே கொள்ள வேண்டியது பாறை மாதிரிக்குள் உள்ள வெப்பநிலையே தவிர, வெளியே உள்ள வெப்பத்தொட்டியின் வெப்பநிலை அன்று; பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். வெளியேறிய நீரை ஆறிய பின் அளந்தால் கன அளவில் ஒன்றரை விழுக்காடு குறையும், ஆனால் அது சிறு திருத்தமே.

திருத்திய பிறகும் வேறுபாடு எஞ்சினால், மாதிரியை மீண்டும் 20 டிகிரிக்குக் குளிர்வித்து அளவிடுங்கள். பழைய மதிப்பு திரும்பாவிட்டால், களிமண் நுண்துகள்கள் இடம்பெயர்ந்து துளைகளின் குறுகிய வாய்களை அடைத்திருக்கக்கூடும். களிமண் மிகுந்த பாறைகளில் இதைப் புறக்கணிக்க முடியாது.

இவை நீர்மங்களுக்கே பொருந்தும். வாயுவின் பாகுநிலை வெப்பத்தோடு கூடும்.