டாக்டர் முடிவெடுத்த பிறகு நர்ஸ் குறுக்கே பேசலாமா?

"மருத்துவக் குழுவுக்குத் தலைவர் டாக்டர்தான். அவர் முடிவெடுத்த பிறகு நர்ஸ் குறுக்கே பேசினால் ஒழுங்கு கெட்டுவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் 'குறுக்கே' என்ற சொல்லைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. நீங்கள் இப்போதுதான் பணியில் சேர்ந்த இளம் டாக்டர் என்று நினைக்கிறேன். மூத்த சிஸ்டர் ஒருவர் எல்லார் முன்னாலும் உங்களைத் திருத்தியிருப்பார், அது இன்னும் உறுத்துகிறது. அப்படி இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள்.

நான் அறுவை அரங்கில் இருபது வருடத்துக்கும் மேலாக நர்ஸாக இருக்கிறேன். இது நான் சேர்ந்த மூன்றாவது வருடம் நடந்தது.

நள்ளிரவு, அவசர சிசேரியன். குழந்தை வெளியே வந்து நன்றாக அழுதது. ஆனால் கருப்பை சுருங்கவில்லை, ரத்தம் கொட்டிக்கொண்டே இருந்தது. அன்று நான் சர்குலேட்டிங் நர்ஸ். வெளியிலிருந்து சாமான் எடுத்துக் கொடுப்பதும், மேசையருகே நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸோடு சேர்ந்து ஒவ்வொன்றையும் எண்ணிக் கணக்கு வைப்பதும் என் வேலை. ரத்தம் ஒற்றும் மாப் துணிகள் ஐந்து ஐந்தாகக் கட்டி வரும். முதலில் இரண்டு கட்டு, ரத்தம் நிற்காததால் இன்னொரு கட்டு, ஆக 15 என்று போர்டில் எழுதியிருந்தேன். வயிற்றை மூடுவதற்கு முன் எண்ணினால் 14.

"மேடம், ஒரு மாப் குறையுது" என்று ஆபரேஷன் செய்துகொண்டிருந்த டாக்டரிடம் சொன்னேன். சக்‌ஷன் மெஷின் ரத்தத்தை உறிஞ்சும் சத்தத்தில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினேன், 14 தான். "கட்டுலயே ஒண்ணு குறைவா வந்திருக்கும். இல்லைன்னா குப்பைப் பையோட வெளியே போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஊசியைக் கையில் வாங்கினார். அடுத்த கேஸ் வெளியே காத்திருந்தது. அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். நான்தான் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது நோயாளியின் தலைமாட்டில் இருந்த மயக்க மருந்து டாக்டர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், மூணாவது கட்டைப் பிரிச்சப்போ எண்ணினீங்களா?" என்று கேட்டார். அதட்டலோ கேலியோ இல்லாத கேள்வி. "எண்ணினேன் சார், ஸ்க்ரப் சிஸ்டரும் கூடவே எண்ணினாங்க" என்றேன். உடனே, கதவோரம் நின்றிருந்த சுத்தம் செய்யும் அக்கா, அதுவரை அந்த அறையில் ஒரு வார்த்தை பேசாதவர், "நான் இன்னும் ஒரு பைகூட வெளியே எடுத்துட்டுப் போகலை சார், ரெண்டும் இங்கேயேதான் இருக்கு" என்றார். மயக்க மருந்து டாக்டர் மேடத்திடம், "பிரஷர் நல்லா இருக்கு, பத்து நிமிஷம் என்னால தாங்க முடியும். ஒரு தடவை பார்த்துடுங்க" என்றார்.

மேடம் ஊசியைக் கீழே வைத்தார். வயிற்றின் இடது ஓரத்தில், குடலுக்குப் பக்கவாட்டில் கையை விட்டுத் துழாவி, அதை வெளியே எடுத்தார். ரத்தத்தில் ஊறிய மாப் குடலோடு குடலாகத்தான் தெரியும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. கையில் அகப்படாமல் போயிருந்தால் எக்ஸ்ரே எடுத்திருப்போம். அதில் தெரியட்டும் என்றுதான் மாப்பிலேயே ஒரு நூல் வைத்து நெய்திருக்கிறார்கள்.

டாக்டர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்று அந்தத் தாயின் ரத்தப்போக்கை நிறுத்தியது அதே மேடத்தின் கைகள்தான். எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு நடத்தச் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இதயம் நின்றுபோன நோயாளிக்கு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தும்போது ஆணை ஒரே வாயிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் அங்கேயும் நல்ல தலைவர் முடிந்தவரை தானே கை வைக்க மாட்டார். கால்மாட்டில் தள்ளி நின்று முழுவதையும் பார்ப்பார். "அட்ரினலின் 1 மி.கி. போடுங்க" என்றால், போட்டவர் "1 மி.கி. போட்டாச்சு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அழுத்துபவரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஏனென்றால் தன் கை தளர்ந்துவிட்டது அவருக்கே தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். பக்கத்தில் நிற்பவர் அதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும்?

உலக சுகாதார நிறுவனம் 2008ல் கொண்டுவந்த 19 அம்ச அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் மாப், ஊசிக் கணக்கு இருக்கிறது. கூடவே, கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. முதலில் 8 நகரங்களில் 8 மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. இதைச் சொன்னால், கனடாவின் ஒண்டாரியோவில் 101 மருத்துவமனைகளைப் பார்த்து 2014ல் வந்த ஆய்வில் அப்படிக் குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லையே என்று யாராவது கேட்பீர்கள். தெரியும். அரங்கில் இருப்பவளாக என் கருத்து இதுதான்: வாயைத் திறக்காமலே கட்டத்தில் டிக் அடிக்கலாம், அடிக்கிறோம். தன் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொன்ன பெண்ணுக்கு "ஒண்ணு குறையுது" என்று சொல்லும்போது அவ்வளவு தொண்டை அடைக்காது. அன்று அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குழுப்பணி பற்றிப் பயிற்சி வகுப்பு என்று வைப்பார்கள். நைட் டியூட்டி முடித்த நர்ஸ்களை வீட்டுக்கு விடாமல் உட்கார வைப்பார்கள். டாக்டர்கள் வரமாட்டார்கள், கேட்டால் ஓ.பி. இருக்கிறது என்பார்கள். யாரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டுமோ அவர்களே இல்லாத அறையில் குழுப்பணியைப் பற்றி மூன்று மணி நேரம் கேட்டிருக்கிறேன். இதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

சரி, அந்த மேடம் விஷயத்துக்கு வருகிறேன். கேஸ் முடிந்து கையுறையைக் கழற்றும்போது என் பெயரைக் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து, கத்தியைக் கையில் வாங்குவதற்கு முன் அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்து, "ஏதாவது சரியில்லைன்னு பட்டா உடனே சொல்லுங்க, நான் தையல் போட்டுட்டு இருந்தாலும்" என்பார். நாங்கள் அவரை நிறுத்தியதால் அவர் மேல் இருந்த மரியாதை குறையவில்லை. சொல்லப்போனால், எல்லாரும் அவர் லிஸ்ட்டில் டியூட்டி கேட்டு வாங்க ஆரம்பித்தோம்.

அன்றைய சம்பவ அறிக்கையை நான்தான் எழுதினேன். சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், நர்ஸ் என்று கட்டங்கள் இருந்தன. அந்த அக்காவின் பெயரை எழுத இடமில்லை. ஓரத்தில் சின்னதாக எழுதி வைத்தேன்.