வாசகர் கேள்வி பதில்: பறவைக் காய்ச்சலும் ஒற்றை எழுத்தும்

கேள்வி: பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் ஹெச்5என்1 வைரஸில் ஒரே ஒரு மாற்றம் வந்தால் மனிதருக்குள் பரவத் தொடங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. வைரஸின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் ஹீமகுளுட்டினின் புரதத்தின் நுனியில் ஒரு குழி உண்டு. செல்லின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் கடைசிக் கண்ணியான சியாலிக் அமிலத்தை அதுதான் பற்றும். அந்த அமிலம் அடுத்த சர்க்கரையோடு எந்தப் பக்கமாக ஒட்டியிருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். வாத்தின் குடலில் ஆல்ஃபா 2,3 பிணைப்பு. சங்கிலி நேராக நீளும். நம் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் பெரும்பாலும் ஆல்ஃபா 2,6. சங்கிலி வளைந்து படுத்துவிடும். நமக்கும் 2,3 இல்லாமல் இல்லை: கண்ணின் வெண்படலத்திலும் நுரையீரலின் ஆழத்திலும் இருக்கிறது. நோயுற்ற பறவையை நெருங்கிப் புழங்கியவருக்குக் கண் சிவப்பதும் கடும் நிமோனியா வருவதும், ஆனால் அடுத்தவருக்கு எளிதில் தொற்றாததும் இதனால்தான்.

புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. குழியின் 226-ஆம் இடத்தில் பறவை வைரஸ்களுக்குக் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் இருக்கும். ஆர்என்ஏ-வில் அதற்கான சி-ஏ-ஏ என்ற மூன்றெழுத்துக் குறி சி-யூ-ஏ ஆனால் போதும், அந்த இடத்தில் லூசின் வந்துவிடும். நீரை விலக்கும் லூசினுக்கு வளைந்த 2,6 சங்கிலி வாகாகப் பொருந்தும். 1957, 1968 பெருந்தொற்று வைரஸ்களில் இதோடு 228-இல் கிளைசின் போய் செரினும் வந்திருந்தது. 1918 வைரஸோ வேறு வழியில் போனது: 190, 225 இரண்டிலும் அஸ்பார்டிக் அமிலம். ஒரு வகைக்குப் பலித்தது இன்னொன்றுக்கும் பலிக்கும் என்று எண்ணக் கூடாது. (இந்த இட எண்கள் ஹெச்3 வகை ஹீமகுளுட்டினினை வைத்து எண்ணியவை. ஹெச்3 எண்வரிசையின் 226, ஹெச்5-இன் சொந்த வரிசையில் 222. கட்டுரை படிப்பவர்கள் அடிக்கடி இடறும் இடம்.)

டெக்சாஸில் 2024-இல் மனிதரைத் தொற்றிய ஹெச்5என்1-இன் புரதத்தில் 226 மட்டும் லூசினாக மாறினாலே, அது பற்றும் நாட்டம் 2,6-க்குத் திரும்புகிறது. ஆனால் சோதித்தது தனிப் புரதத்தை, முழு வைரஸை அல்ல. பரவுவதற்கு இன்னும் வேண்டும்: லேசான அமிலத்திலேயே அவிழ்ந்துவிடாத ஹீமகுளுட்டினின், 33 டிகிரி மூக்கிலும் வைரஸின் ஆர்என்ஏ-வை நகலெடுக்கக்கூடிய பாலிமரேஸ் நொதி, ஹீமகுளுட்டினினின் பிடிக்கு ஈடாக சியாலிக் அமிலத்தை அறுத்து வைரஸை விடுவிக்கும் நியூராமினிடேஸ் நொதி.

கேள்வி: ஒரு வைரஸின் நாட்டம் 2,3-க்கா, 2,6-க்கா என்று ஆய்வகத்தில் எப்படி அறிவது?

பதில்: எளிய வழி ரத்தச் சிவப்பணுச் சோதனை. குதிரை அணுக்களில் ஏறக்குறைய முழுவதும் 2,3. வான்கோழி அணுக்களில் இரண்டும் உண்டு. வைரஸ் பிடித்தால் அணுக்கள் வலைபோல் விரிந்து நிற்கும். பிடிக்காவிட்டால் அடியில் பொட்டாகப் படியும். அதிக நேரம் விட்டால் நியூராமினிடேஸ் பிடியை அறுத்து முடிவைக் குழப்பும்; 4 டிகிரியில் வைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

பெரிய சிக்கல் வேறு. ஆய்வகத்தில் வைரஸை வளர்க்கும் கோழிக் கருமுட்டையின் அலன்டாய்க் குழியில் (கருவைச் சுற்றியுள்ள திரவப் பையில்) இருப்பது 2,3. மனித வைரஸை அங்கே வளர்த்தால் 226 மறுபடி குளுட்டமினுக்கே திரும்பக்கூடும். எனவே வளர்த்த வைரஸோடு, நோயாளியின் மூல மாதிரியிலுள்ள வைரஸின் மரபணு எழுத்துவரிசையையும் நேரடியாகப் படித்து ஒப்பிட்டாக வேண்டும்.