ஓட்டுப் பெட்டியைக் கடைசியில் எடுங்கள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஏறக்குறைய நானூறு பேர் வேலை செய்கிறோம். ஆண்டுதோறும் நன்கொடைக்கு ஒதுக்கும் தொகையை இதுவரை முதலாளியே தமக்குத் தெரிந்த இடங்களுக்குக் கொடுத்துவந்தார். இந்த முறை, “உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்குத்தான் போகவேண்டும், யாருக்கு என்று ஊழியர்களே முடிவு செய்யட்டும்” என்று சொல்லிவிட்டார். ஒருங்கிணைக்கும் பொறுப்பு என் தலையில். பெயர் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், அறுபதுக்கு மேல் வந்துவிட்டன. ஓட்டுக்கு விட்டால் ஆள் அதிகமுள்ள உற்பத்திப் பிரிவு சொல்வதுதான் ஜெயிக்கும் என்று மற்றவர்கள் இப்போதே முணுமுணுக்கிறார்கள். ஒருவர் பரிந்துரைத்த அமைப்பை நடத்துவதே அவருடைய மச்சான்தான். பேசாமல் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் வம்பே இல்லையே என்றும் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வம்பு இருக்காதுதான், பயனும் இருக்காது. தொகையை அறுபதாகப் பிரித்தால் எந்த அமைப்புக்கும் உருப்படியாக எதுவும் போய்ச் சேராது. ஆனால் அறுபது ரசீது, அறுபது நன்றிக் கடிதம், அறுபது இடத்துக் கணக்கைச் சரிபார்க்கும் வேலை மட்டும் மிச்சமிருக்கும். அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஓட்டும் இப்போதைக்கு வேண்டாம். இந்த அறுபது பெயரை வைத்து நாளைக்கே ஓட்டெடுத்தால் எந்தப் பெயர் பிரபலம், எந்தப் பிரிவில் தலை அதிகம் என்பதுதான் தெரியவரும். ஊழியர்களிடம் கேட்பதில் லாபமே அவர்களுக்குத் தெரிந்தது நிர்வாகத்துக்குத் தெரியாது என்பதால்தான். அம்மாவை வாரம் தவறாமல் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவருக்கு, எந்த அமைப்பு வண்டி அனுப்புகிறது, எது அனுப்புவதாகச் சொல்லிவிட்டு போனை எடுப்பதில்லை என்று தெரியும். அதைக் கேட்டு வாங்காமல் கைகளை மட்டும் எண்ணுவதற்கு முதலாளி பழையபடி தாமே கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஆகவே பெயர் கொடுத்த எல்லோருக்கும் ஒரு பக்கப் படிவம் அனுப்புங்கள். மூன்று கேள்வி போதும். இந்த அமைப்பு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் செய்த எதை நேரில் பார்த்திருக்கிறீர்கள்? உங்களுக்கோ உறவினருக்கோ அங்கே பொறுப்போ சம்பளமோ உண்டா? “யாரோ சொன்னார்கள், நல்ல இடம் என்று” ரகப் பெயர்கள் இங்கேயே உதிர்ந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அந்த அமைப்பில் உதவி பெற்றவரே பரிந்துரைத்திருக்கலாம். போதை மறுவாழ்வு மையத்தைப் பற்றி ஒருவருக்கு எப்படித் தெரியும் என்பது ஆபீஸ் முழுக்கப் பேசும் விஷயமாகிவிடக் கூடாது. பதில்களை நீங்கள் மட்டும் படியுங்கள்.

அப்புறம், அந்த மின்னஞ்சல் யார் யாருக்குப் போனது? துப்புரவுப் பணியாளர்கள், வாசல் காவலாளிகள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், இரவு ஷிப்டில் வருகிறவர்கள்? பல நிறுவனங்களில் இவர்களுக்கு ஆபீஸ் மின்னஞ்சலே இருக்காது. தொலைவிலிருந்து காரில் வந்து போகும் அதிகாரியைவிட, சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கும் இவர்களுக்குத்தான் உள்ளூர் அமைப்புகளின் உண்மை நிலவரம் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். நேரில் போய்க் கேளுங்கள். பட்டியலில் இன்னும் நாலு பெயர் கூடினாலும் பரவாயில்லை.

மச்சான் விஷயத்துக்கு வருவோம். உறவு இருக்கிறது என்பதற்காக அந்த அமைப்பைத் தள்ளவேண்டியதில்லை, மறைத்தால்தான் தப்பு. உறவைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த அமைப்பைப் பார்க்கப் போகும் குழுவிலும் தேர்வுக் குழுவிலும் அவர் இருக்கக் கூடாது. இதை அவரிடம் தனியாகச் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவான விதியாக அறிவித்துவிட்டால் அவருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

பத்துப் பன்னிரண்டு பெயராகக் குறைந்ததும் நேரில் போய்ப் பாருங்கள். இரண்டிரண்டு பேராக, பரிந்துரைத்தவரின் பிரிவைச் சேராதவர்களாக அனுப்புங்கள். பதிவுச் சான்று, கடைசியாகத் தணிக்கை செய்த கணக்கு, அமைப்பின் பெயரிலேயே வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் இல்லாத இடத்தை அங்கேயே கழித்துவிடலாம். அதற்குமேல், வரவேற்பறையில் ஆல்பம் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஸ்டோர் ரூமைக் காட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சக்கர நாற்காலிகள் சுவரோரம் மடித்து அடுக்கியிருக்கும். உள்ளே இரண்டு பராமரிப்பாளர் வேண்டிய வார்டில் ஒருவர் ஓடிக்கொண்டிருப்பார். நாற்காலியின் முதுகில் நன்கொடையாளர் பெயரை எழுதலாம், பராமரிப்பாளரின் சம்பளத்தில் எழுத முடியாதே! “பணம் வந்தால் முதலில் எதற்குக் கட்டுவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். கரண்ட் பில், டிரைவர் சம்பளம் என்று கூசாமல் சொல்கிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

உங்கள் குழுவில் ஒருவராவது, “நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்? குறைவாக இருப்பவருக்குக் கொடுப்போம்” என்பார். தொண்டு அமைப்புகளை மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்ட கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் என்ற மூன்று அமெரிக்க நிறுவனங்கள் 2013-இல் நன்கொடையாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. அந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடைபோடாதீர்கள் என்பதுதான் சாரம். கணக்கு எழுத ஆளில்லாத அமைப்பின் நிர்வாகச் செலவு குறைவாகத்தான் இருக்கும். அதன் கணக்கும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

சரி, இப்போது ஆறு பெயர் தேறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி ஓட்டு. ரகசிய ஓட்டாக இருக்கட்டும். ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று அமைப்புகளை டிக் செய்யவேண்டும், இல்லாவிட்டால் சீட்டு செல்லாது என்று வையுங்கள். உற்பத்திப் பிரிவினர் தங்கள் அமைப்பை டிக் செய்துவிட்டு இன்னும் இரண்டைத் தேட வேண்டியிருக்கும், தேடுவதற்காவது மற்றவற்றைப் படிப்பார்கள். ஜெயித்தவருக்கே முழுத் தொகை என்றும் வேண்டாம். பிரிட்டனில் வெய்ட்ரோஸ் சூப்பர்மார்க்கெட் 2008-இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு கிளையிலும் மூன்று உள்ளூர் அமைப்புகளுக்கு மூன்று பெட்டி. வாடிக்கையாளர் தன் பச்சை டோக்கனை விருப்பமான பெட்டியில் போட்டார், விழுந்த டோக்கன் விகிதத்தில் பணம் பிரிந்தது. நீங்களும் முதல் மூன்று இடங்களுக்கு இப்படிப் பிரித்தால், ஒரு பிரிவு மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விடும் என்ற பயம் பெருமளவு போய்விடும்.

ஓட்டுக்கு முன் எல்லா அமைப்பைப் பற்றியும் ஒரே அளவில் அரைப் பக்கம் எழுதி ஒட்டுங்கள், படம் வேண்டாம். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், பஞ்சத்தில் வாடும் ஒரு சிறுமியைக் காட்டிக் கேட்டபோது மக்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் வாடுவதைப் புள்ளிவிவரமாகச் சொன்னபோது கை சுருங்கியது. சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோதும் சிறுமிக்கு மட்டும் கொடுத்த அளவு வரவில்லை. ஆகவே படத்தோடு ஓட்டெடுத்தால் குழந்தைகளும் நாய்க்குட்டிகளும் ஜெயிப்பது உறுதி. மனநோயாளிகளைப் பராமரிக்கும் இடமோ, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடித்தரும் அமைப்போ எந்தக் காலத்திலும் ஜெயிக்காது. படத்தை எடுத்துவிட்டாலும் இது முழுக்க மாறிவிடாது. அதனால் தொகையில் மூன்றில் ஒரு பங்கை ஓட்டுக்கு விடாமல் தனியே வைத்து, நேரில் போய்ப் பார்த்துவந்தவர்களே உட்கார்ந்து பேசி ஒருவருக்குக் கொடுக்கட்டும் என்பேன். ஊழியர் விருப்பம் என்றால் ஓட்டுதான் என்றில்லை. ஐஸ்கிரீம் நிறுவனமான பென் அண்ட் ஜெர்ரீஸின் அறக்கட்டளை 1985-இல் தொடங்கியது. அங்கே மானியத்தை முடிவு செய்வது மேலாளர் அல்லாத ஊழியர்கள் அடங்கிய குழுதான்.

முதலாளியிடம் இப்போதே ஒன்று கேட்டு வையுங்கள். தேர்வாகும் அமைப்புக்கு ஒரு தடவையோடு நிறுத்தாமல் மூன்று ஆண்டு தொடர்ந்து கொடுக்க முடியுமா? ஓராண்டுப் பணத்தை நம்பி யாரும் ஒரு நர்ஸை வேலைக்கு வைக்க மாட்டார்கள். அவர் சம்மதித்தால் அதை ஓட்டுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். தோற்ற பெயர்களைக் கொடுத்தவர்களுக்கும் ஏன் தேர்வாகவில்லை என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். அடுத்த சுற்றுக்கும் அவர்களிடம்தானே பெயர் கேட்கப் போகிறீர்கள்.