பதினோராவது பாட்டு

அன்புள்ள அக்கா,

உங்களை மூன்று வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 29 வயது. ஊர் ஈரோடு பக்கம், வேலை சென்னையில். போன மாதம் அம்மா தவறிவிட்டார்கள். மாரடைப்பு. ராத்திரி என்னோடு போனில் பேசிவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. 56 வயதுதான்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் கொரியாவின் ஷைனி பாப் இசைக்குழுவுக்கு ரசிகை, அதிலும் அதன் பாடகர் ஜோங்ஹ்யுனுக்கு. அம்மா போன பிறகு அவருடைய 'போயட் ஆர்ட்டிஸ்ட்' ஆல்பத்தைத் தவிர வேறு எதையும் கேட்க முடியவில்லை. அது அவர் இறந்த பிறகு வெளிவந்தது. "பதினாறாம் நாள் காரியம்கூட முடியல, காதுல பாட்ட மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா" என்று அத்தை வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அப்பாவும் ஒரு மாதிரிதான் பார்த்தார்.

அந்தப் பாட்டுகளின் ஒவ்வொரு வரியிலும் அவர் போகப்போகிறேன் என்று சொல்லிவைத்த மாதிரி இருக்கிறது. அம்மாவும் அப்படிச் சொல்லியிருக்கிறார்களோ? கடைசியாக ஊருக்குப் போனபோது, "இந்த மயில்கழுத்துச் சேலைய நீயே வெச்சுக்க கண்ணு, நான் இனி எங்க கட்டப்போறேன்" என்றார்கள். எனக்குத்தான் புரியவில்லையா?

இன்னொன்று. அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டை நான் இதுவரை கேட்டதே இல்லை. அதையும் கேட்டுவிட்டால் அவரிடமிருந்து புதிதாக வர இனி ஒன்றுமில்லை என்று ஒரு பயம். இப்போது பத்துப் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டு, அம்மா வாட்ஸ்அப்பில் கடைசியாக அனுப்பிய குரல் செய்தியைக் கேட்கிறேன். ஒன்பது விநாடி. "வரும்போது அந்தத் தூக்குப்போசிய எடுத்துட்டு வா கண்ணு, இங்க ஒண்ணுகூட இல்ல." நான் அம்மாவுக்கு அழுகிறேனா, அவருக்கு அழுகிறேனா என்றே தெரியவில்லை. தப்பா அக்கா?

ம.

*

அன்புள்ள ம.,

அத்தை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். துக்க வீட்டில் டிவி போடாதே, பாட்டு வைக்காதே என்பதெல்லாம் தெருவுக்குக் கேட்கும்படி கொண்டாட்டம் கூடாது என்பதற்காக வந்த வழக்கம். காதுக்குள் ஓடுகிற பாட்டை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் இதைச் சொல்லி அத்தையிடம் வாதாடாதீர்கள். அவரும் ஒருவரைப் பறிகொடுத்தவர்தான். யாரையாவது குறை சொன்னால் அவருக்குக் கொஞ்சம் ஆறுகிறது என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

உங்கள் கடிதம் எனக்கு ஒரு பழைய நாளை ஞாபகப்படுத்திவிட்டது. 2017 டிசம்பர் 18, திங்கட்கிழமை, ஜோங்ஹ்யுன் இறந்த நாள். என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் காபி கொண்டுபோனால், கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்துவைத்துச் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்கிறாள். பதறிப்போய்க் கேட்டேன். சொன்னாள். "பேரே வாயில நுழையாத எவனோ ஒருத்தனுக்காகப் பரீட்சையைக் கெடுத்துக்கப் போறியா?" என்று கத்தினேன். உடனே அழுகையை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டாள். அவ்வளவு சட்டென்று அவள் நிறுத்தியதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

நான்கு வருடம் கழித்து என் அப்பா இறந்தார். வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய ஒரு ராத்திரி, பாயில் பக்கத்தில் வந்து படுத்தவள் ஒரு இயர்போனை என் காதில் வைத்தாள். பியானோவும் ஒரு ஆண் குரலும். ஒரு வார்த்தை புரியவில்லை. 2015இல் ஜோங்ஹ்யுன் எழுதிப் பாடியது, 'ஒரு நாளின் முடிவு' என்று தலைப்பு, என்றாள். அதில் 'சுகோஹெஸ்ஸயோ' என்று ஒரு சொல் வரும். வேலை முடித்துக் கிளம்புகிறவரிடம் கொரியர்கள் சொல்வது. தமிழில் அதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. வெயிலில் அலைந்துவிட்டு வருகிறவரைப் பார்த்து "அப்பாடா, உட்காரு, ரொம்ப அலைஞ்சுட்டே" என்போமே, அதுதான். அவர் இறந்தபோது ரசிகர்கள் அவருக்கே அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லி அனுப்பினார்களாம். அதைக் கேட்டதும்தான் அப்பாவுக்காக நான் வாய்விட்டு அழுதேன். அதுவரை பந்தல்காரருக்குப் பணம் கொடுப்பதிலும் வந்தவர்களுக்குக் காபி போடுவதிலுமே பொழுது போயிருந்தது.

ஆகவே, யாருக்கு அழுகிறோம் என்ற கேள்வியை என்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. நான் ஒரு கொரியப் பாடகருடைய குரலைக் கேட்டு அப்பாவுக்கு அழுதவள்.

அதற்குப் பிறகுதான் ஜோங்ஹ்யுனை ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தேன். சரி, இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. அந்த ஆல்பம் 2018 ஜனவரி 23 அன்று வெளிவந்தது, அவர் இறந்து 36ஆம் நாள். கொரியாவில் பௌத்த வழக்கப்படி 49ஆம் நாள் வழிபாடு செய்வார்கள். அந்தக் கணக்கில் துக்கம் கழிவதற்கு முன்பே ஆல்பம் வந்துவிட்டது. வாங்கியவர்கள் எல்லோரும் துக்க வீட்டுக்குள் உட்கார்ந்துதான் அதை முதலில் கேட்டார்கள். (அத்தைக்குத் தெரிந்தால் மயக்கம் போட்டுவிடுவார்.) அப்படிக் கேட்டதால் அது சாவைப் பற்றிய ஆல்பமாகவே எல்லோர் மனதிலும் பதிந்துபோனது.

ஆனால் அதைச் செய்தபோது அவர் துக்க வீட்டில் இல்லை. ஸ்டூடியோவில் இருந்தார். அந்த டிசம்பர் 9, 10 தேதிகளில் சியோலில் தனிக் கச்சேரி நடத்தினார். முதல் பாட்டான 'ஷைனின்'னின் வீடியோவில் அவரே நடித்திருக்கிறார். கொரிய மொழியில் அந்தப் பாட்டின் பெயருக்கு 'ஒளி வீசுகிறது' என்று பொருள். முதல் தடவை நான் கேட்டபோது, இறந்தவருடைய ஆல்பம் இப்படித் துள்ளிக்கொண்டு ஆரம்பிக்குமா என்று மகளிடம் கேட்டேன். ஆறாவது பாட்டு இன்னும் வேடிக்கை. தலைப்புக்கே 'மனிதர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு' என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்ப்போமே, அந்த வேலை. இதை எப்படி உயிலாகப் படிப்பது?

என் அப்பா இறந்த மூன்றாம் நாள் காலை, வாசலில் கேஸ் சிலிண்டர் வந்து நின்றது. முந்தின வாரம் அப்பாவே போனில் பதிவு செய்திருக்கிறார், எங்களில் யாருக்கும் தெரியாது. கொண்டுவந்த தம்பிக்கு விஷயம் தெரியாது, "அய்யா போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றார். அப்பாவின் போன் பீரோவுக்குள், சார்ஜ் இல்லாமல் கிடந்தது. என் அண்ணன் அதைத் தேடி எடுத்து, சார்ஜ் போட்டு, அது உயிர் பெறும்வரை நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். நான்கு எண்கள். அண்ணன் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான். சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்தார்கள். காரியத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதில்தான் சமைத்தோம்.

அப்பா இதன் மூலம் என்ன சொல்ல வந்தார் என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை. சிலிண்டர் தீரப்போகிறது, பதிவு செய்தார், அவ்வளவுதான். அந்த ஆல்பத்தையும் எனக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றுகிறது. உயிரோடு இருந்த ஒருவர், அடுத்த மாதத்துக்கென்று செய்துவைத்த வேலை. வந்து சேர்ந்தபோது கையெழுத்துப் போட்டு வாங்க அவர் இல்லை.

இதை நான் சுலபமாகச் சொல்லிவிடுகிறேன், ஜோங்ஹ்யுன் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை என்பதும் தெரியும். அவர் மாரடைப்பில் போகவில்லை. 27 வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். மனச்சோர்வு இருந்தது, அதைப் பற்றி வெளியிலும் பேசியிருக்கிறார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் 'தெரிந்திருக்க வேண்டாமா' என்று தங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அந்தக் கேள்வியைத் தள்ள எனக்கு உரிமையில்லை. ஆனால் அவருடைய சாவைக் கவிதையாக்கி, பாட்டுக்குப் பாட்டு ரகசியக் குறிப்பு தேடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. நோயை வைத்துக்கொண்டே தினமும் வேலைக்குப் போனவர் அவர். பாட்டை எழுதியது அந்த வேலைக்குப் போன மனிதர். நோயின் கையெழுத்தைத் தேடினால், மனிதருடைய கைவேலை கண்ணில் படாமல் போகிறது. அந்த உயர்ந்த சுருதியில் குரல் உடையாமல் திரும்புகிற இடமெல்லாம் ஒருவர் பலமுறை பாடிப் பார்த்துச் சரிசெய்த இடம்.

சேலைக்கு வருகிறேன். "நான் இனி எங்க கட்டப்போறேன்" என்பதை என் அம்மா நாற்பத்தைந்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது 78. போன தீபாவளிக்கும் ஒரு சேலையை என் மடியில் போட்டு அதையே சொன்னார், பொங்கலுக்கு "அதை எடுத்துட்டு வந்தியா, நான் கட்டணும்" என்று திருப்பி வாங்கிக்கொண்டார். நம் அம்மாக்கள் மகளுக்கு ஒன்றைக் கொடுக்கும்போது, அவள் மறுக்காமல் இருக்கச் சொல்கிற வாசகம் அது. உங்கள் அம்மா அன்றைக்குச் சொன்னதும் அந்த வாசகம்தான். பிறகு அது வேறு அர்த்தம் வாங்கிக்கொண்டது என்றால் அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. மாரடைப்பு ஜாடையாகச் சொல்லிவிட்டு வருவதில்லை, ம.

ஜோங்ஹ்யுன் 2014லிருந்து 2017 வரை எம்பிசி வானொலியில் நடத்திய நள்ளிரவு நிகழ்ச்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேயர்கள் அனுப்புகிற கதைகளை வைத்து அவர் பாட்டு கட்டுவார், அப்படி வந்தவற்றைப் பிறகு ஆல்பமாகவும் போட்டார். கடிதம் வரும், பதிலாகப் பாட்டு போகும். இந்தப் பக்கத்தில் நான் வெறும் பத்தி பத்தியாகப் பதில் எழுதிக்கொண்டிருப்பதை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. நிகழ்ச்சியை முடிக்கும்போது "நாளையும் ஓய்வெடுக்க வாருங்கள்" என்பார். ராத்திரியில் அந்தப் பத்துப் பாட்டைக் கேட்கிறீர்களே, அவர் அழைத்த மாதிரி ஓய்வெடுக்கத்தானே போகிறீர்கள். அதில் தப்பு எங்கே வந்தது?

லீ ஹாய் என்ற பாடகிக்கு அவர் 2016இல் 'பெருமூச்சு' என்று ஒரு பாட்டு எழுதிக்கொடுத்தார். அவர் இறந்த அடுத்த மாதம் ஒரு விருது விழாவில் அவர் நினைவாக லீ ஹாய் அதைப் பாட வந்தார். பாட முடியாமல் அழுதார். அந்தப் பதிவை நீங்கள் பார்த்திருந்தால், பாட்டின் நடுவே நிறுத்துவது ஒன்றும் குற்றமில்லை என்று தெரிந்திருக்கும். பத்தில் நிறுத்துங்கள். 2018இலிருந்து காத்திருக்கிற பாட்டு, இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கும்.

நான் அந்தப் பதினோராவது பாட்டைக் கேட்டுவிட்டேன். எப்படி இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். தலைப்புக்கு 'நம் வசந்தம் வருவதற்கு முன்' என்று பொருள், அது உங்களுக்கே தெரியும். ஆனால் அதைக் கேட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற உங்கள் கணக்கில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது. 2025 மே மாதம் ஷைனி வெளியிட்ட பாட்டு ஞாபகம் இருக்கிறதா? அதற்கும் 'போயட் ஆர்ட்டிஸ்ட்' என்றே பெயர். ஜோங்ஹ்யுன் இருந்தபோது எழுதிய பாட்டு. ஏழு வருடத்துக்கு மேல் கழித்து மற்ற நால்வரும் அதை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்கள். 2018இல் வந்த ஆல்பத்தின் வருமானம் அவர் அம்மாவுக்கும், கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவ ஒரு அறக்கட்டளைக்கும் போகும் என்று அவருடைய நிறுவனம் அப்போதே அறிவித்திருந்தது. குடும்பத்தார் தொடங்கிய அந்த அறக்கட்டளைக்கு ஆல்பத்தின் முதல் பாட்டின் கொரியப் பெயரையே வைத்தார்கள், இளம் கலைஞர்களுக்கு மனநல ஆலோசனை தருகிறார்கள்.

அப்புறம், ஒரு விஷயம். சாப்பாடும் தூக்கமும் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சென்னை அறையில் தனியாகத்தானே இருக்கிறீர்கள்? ராத்திரிகள் ரொம்பக் கனத்துப்போனால் 14416க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். கூச்சப்பட வேண்டாம். அது முடியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நான் தாமதமாகத்தான் பதில் போடுவேன், அதனால் முதலில் அந்த எண்.

அந்தத் தூக்குப்போசி இப்போது எங்கே இருக்கிறது? சென்னையிலேயேவா, ஊருக்குக் கொண்டுபோய்விட்டீர்களா? அம்மா கேட்டது அது ஒன்றைத்தான். அப்பா தனியாகச் சமைக்கிறார் என்றால் அவருக்கும் குழம்பு ஊற்றிவைக்க ஒன்று வேண்டியிருக்கும். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா