“அந்த அண்ணன்கூட சேராதே” என்றால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 13, எட்டாம் வகுப்பு. எதிர்வீட்டுப் பையனும் அவனும் எல்.கே.ஜி.யிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிபவர்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் அத்தை வீட்டுக்கு ஒரு பையன் வந்து தங்கினான். 20 வயது இருக்கும். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன், அப்பாவோடு சண்டை என்கிறார்கள். முதலில் இரண்டு பேரையும் பைக்கில் கூட்டிக்கொண்டு சுற்றினான், பரோட்டா வாங்கிக் கொடுத்தான். இப்போது நண்பனை மட்டும் கூட்டிப் போகிறான். என் மகனை ‘அம்மா புள்ள’ என்று இருவரும் கேலி செய்கிறார்களாம். போன வாரம் மகன் அழுதுகொண்டே சொன்னான்: அந்த அண்ணன் நண்பனுக்கு உதட்டுக்கடியில் வைக்கும் புகையிலை கொடுக்கிறானாம், கையில் கீறிக்கொண்ட தழும்பைக் காட்டி, ‘நீங்க வரலைன்னா செத்துடுவேன்’ என்கிறானாம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருக்கிறான். நண்பனின் அம்மாவிடம் நான் சொல்லலாமா? இரண்டு பேரோடும் சேராதே என்று மகனைத் தடுத்துவிடவா?

பதில்: நண்பனின் அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள். ஆனால் நண்பனோடு சேராதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பையனுக்கு இன்று மிச்சமிருக்கும் சம வயதுத் துணை உங்கள் மகன்தான். அவனும் விலகினால், அந்த இளைஞன் ஆறு மாதமாகச் செய்துவரும் வேலையை நாமே முடித்துக் கொடுத்தது போலாகும்.

பைக்கும் பரோட்டாவும்தான் பையனை இழுக்கின்றன என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அது வாசல் வரைக்கும்தான். பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் பரிதாபம். 20 வயது ஆள் தன் அப்பா அடித்ததைச் சொல்லி அழுகிறான், ‘உன்கிட்ட மட்டும்தான்டா சொல்றேன்’ என்கிறான். வீட்டில் ‘சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்’ என்றே கேட்டுப் பழகிய 13 வயதுக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய பதவி என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் அவனைத் திட்டினால், கஷ்டத்தில் இருக்கும் ஒருவரைக் கைவிடச் சொல்கிறார்களே என்றுதான் அவன் காதில் விழும்.

கேலியையும் லேசாக விட வேண்டாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷன் என்ற உளவியலாளரின் குழு, 13, 14 வயதுப் பையன்கள் நண்பர்களோடு பேசுவதைப் படம் பிடித்து ஆராய்ந்தது. விதி மீறிய பேச்சுக்குச் சிரிப்பு கிடைத்த ஜோடிகளில், அடுத்த சில வருடங்களில் தவறான நடத்தை அதிகமானது தெரிந்தது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, சிரித்தார்கள், அவ்வளவுதான். லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டில் 13 முதல் 16 வயதுக்காரர்கள், தனியாக ஆடும்போது எடுக்காத ஆபத்துகளை நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆக, உங்கள் மகன் சிரிக்காமல் விலகி நின்றதும், அழுதாவது உங்களிடம் வந்து சொன்னதும் சாதாரண விஷயம் இல்லை. அதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அவனிடம் பேசும்போது எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். பையன்களுக்கு முகம் பார்த்துப் பேசுவதைவிட, பக்கத்தில் இருந்துகொண்டு பேசுவது எளிது. வெங்காயம் உரிக்கும்போதோ, கடைக்கு நடக்கும்போதோ ஆரம்பிக்கலாம். சத்தியம்தான் அவனை அரித்துக்கொண்டிருக்கும். ‘பிறந்தநாளுக்கு என்ன வாங்கப் போறோம்னு சொல்லாம இருக்கலாம். ஒருத்தருக்கு அடிபடும், உசுருக்கு ஆபத்துங்கிற ரகசியத்தைப் பெரியவங்ககிட்ட சொல்லணும். அந்தச் சத்தியத்தை உன்கிட்ட வாங்கினதே தப்பு’ என்று சொல்லுங்கள். அடுத்தது முக்கியம்: ‘இனி இது உன் வேலை இல்லை, எங்க வேலை.’ நண்பனைத் திருத்தும் பொறுப்பை மட்டும் அவன் தலையில் வைத்துவிடாதீர்கள்.

கூடவே ஒன்றை நிதானமாகக் கேட்டுவிடுங்கள்: ‘அந்த அண்ணன் போனில் ஏதாவது படம் காட்டினாரா, படம் எடுக்கணும்னு கேட்டாரா, தொட்டாரா?’ இல்லை என்றால் நிம்மதி. ஆம் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் (2012) 18 வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும். விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை.

நண்பனின் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வாசலில் நின்று சொல்லாதீர்கள், போனிலும் வேண்டாம். பையன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் போய், ‘அக்கா, நம்ம ரெண்டு பசங்களைப் பத்தியும் ஒரு கவலை’ என்று ஆரம்பியுங்கள். ‘உங்க பையன்’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே சண்டையாகிவிடும். உங்கள் காதுக்கு வந்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்க வேண்டாம். யார் சொன்னது என்று அவர் பையனிடம் சொல்லாமல் இருக்கவும், அன்றைக்கே பெல்ட்டைத் தூக்காமல் இருக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். அடி வாங்கிய பையன் நேராகப் போவது அந்த அண்ணனிடம்தான். அந்த அம்மா முதலில் உங்கள் மேல் கோபப்படலாம். பட்டுவிட்டுப் போகட்டும், இரண்டு நாளில் மகனின் உதட்டைப் பார்ப்பார்.

இரண்டு பையன்களுக்கும் சாயங்கால நேரத்தை நிரப்பிக் கொடுங்கள். அந்த இளைஞனின் பிடி முழுக்க வேலையில்லாத அந்த நேரத்தில்தான் இருக்கிறது. கேரம் போர்டு உங்கள் வீட்டில் இருக்கட்டும், கிரிக்கெட் பயிற்சிக்கு இருவரையும் சேர்த்தே அனுப்புங்கள். நண்பன் நான்கு நாள் வரமாட்டான், ஐந்தாம் நாள் எதுவுமே நடக்காதது போல வந்து நிற்பான். அப்போது ‘இத்தனை நாள் எங்க போனே’ என்று கேட்காமல் தட்டில் சாப்பாடு போடுங்கள்.

அந்த இளைஞனைப் பற்றி. தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து தட்டிக் கேட்பது என்ற யோசனை கட்டாயம் வரும். வேண்டவே வேண்டாம். அடிபட்டால் பையன்கள் கண்ணில் அவன் ஹீரோ, உங்கள் மகன் காட்டிக்கொடுத்தவன். உங்கள் கணவரோ, வயதில் மூத்த உறவினரோ ஒருவர் பகலில் போய் அத்தையிடம் பேசட்டும். சாவதாகச் சொல்வதை மிரட்டல் என்று தள்ளிவிட முடியாது, தழும்பு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அத்தையே கூட்டிப் போகலாம். அவனுக்கு வேண்டியது தன் வயதையொத்த, அல்லது மூத்த துணை. அந்தச் சுமையை எட்டாம் வகுப்புப் பையன் சுமக்க முடியாது.

அதே பேச்சில் சட்டத்தையும் சொல்லிவிடலாம், குரலை உயர்த்தாமல். குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77இன்படி 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பைக்கைப் பையன் கையில் கொடுத்து ஓட்டவைத்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டிக்குச் சொந்தக்காரருக்கும் 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதத்துக்கு வண்டிப் பதிவு ரத்து. வண்டி அத்தை வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் இந்தக் கடைசி விஷயம் உடனே வேலை செய்யும்.

பேசியும் மாறவில்லை, அல்லது ‘இந்தப் பொட்டலத்தை அங்கே கொடுத்துட்டு வா’ என்று நண்பனை அனுப்புவதாகத் தெரிந்தால் அதற்கு மேல் காத்திருக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். உங்கள் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.